வாடகைக் காரில் அரிச்சல்முனை: சேலத்துக்காரர்களுக்கு ஒரு ரிவ்யூ

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ராமேஸ்வரம் ஊரைத் தாண்டி, தனுஷ்கோடி வழியாக, தீவின் கோடியான அரிச்சல்முனை வரை போகும் அந்தக் கடைசி 20 கி.மீ. சாலைக்கு ஐந்துக்கு நாலரை. அதற்காகச் சேலத்தில் செல்ஃப் டிரைவ் கார் எடுத்துக்கொண்டு போவதற்கு ஐந்துக்கு மூன்று. நடுவில் குறைந்த ஒன்றரை மார்க்கில் சாலையின் குற்றம் எதுவும் இல்லை. கார் எடுக்கும்போது கேட்காமல் விடும் கேள்விகளுக்கு ஒரு மார்க் போச்சு. மிச்சம் அரை மார்க், கடலோரத்தில் போய் மலைப்பாதை வித்தையைக் காட்டுவதற்கு.

ஏற்காட்டு மலையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய கைக்கு எந்தச் சாலையும் லேசாகத்தான் தெரியும். தனுஷ்கோடிச் சாலையில் ஏற்றம் கிடையாது, வளைவு என்று சொல்லத்தக்க வளைவு கிடையாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்காரும் அத்தைமார்களுக்கு இங்கே வேலையே இல்லை. ஆனால் மலையில் ஆபத்து எதிரே நின்று பயமுறுத்தும். வளைவுக்கு நம்பர் போட்டு, ஹாரன் அடி என்று போர்டு வைத்து, பள்ளத்தையும் காட்டிவிடும். இங்கே இருக்கும் மூன்று ஆபத்துகளான மணல், பக்கக் காற்று, உப்பு ஆகியவை கண்ணில் படாது. மூன்றாவது, வீட்டுக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்துத்தான் தலையைக் காட்டும்.

கார் எடுக்கும் இடத்தில்

புதிய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் ஐந்து ரோட்டுப் பக்கமும் செல்ஃப் டிரைவ் கார் தருபவர்கள் நிறைய. எந்தக் கடை நல்லது என்பதை விட எந்த நம்பர் பிளேட் நல்லது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. முறையாக வாடகைக்கு அனுமதி வாங்கிய செல்ஃப் டிரைவ் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை என்றால் அது ஓன் போர்டு, அதாவது யாரோ ஒருவரின் சொந்தக் கார். வாடகை கொஞ்சம் குறையும், வண்டியும் புதுசாக இருக்கும். ஆனால் சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த இன்ஷூரன்ஸில் வாடகை ஓட்டம் அடங்காது. மோதல் ஏதாவது நடந்து, வாடகைக்குப் போன வண்டி என்று தெரிந்தால் க்ளைமைத் தட்டிக்கழிக்கக் கம்பெனிக்கு அது ஒன்றே போதும். அப்போது செலவு முழுக்க ஸ்டியரிங் பிடித்தவர் தலையில். ஏற்காடு வரை போய் மதியம் திரும்புவதற்கே இந்த ஆபத்து உண்டு. இங்கே போகவர 900 கி.மீ. பேசிக்கொண்டிருக்கிறோம்.

900 எப்படி வந்தது? சேலத்திலிருந்து மதுரை வழியாக ராமேஸ்வரம் சுமார் 400, போகவர 800. ஊரிலிருந்து அரிச்சல்முனை போய் வர நாற்பதுக்கு மேல். மிச்சம் தீவுக்குள்ளே குந்துகால், கலாம் நினைவிடம் இருக்கும் பேக்கரும்பு, லாட்ஜ், சாப்பாடு என்று ஓடுவது. இதை ஏன் கணக்குப் போட வேண்டும் என்றால், பல இடங்களில் நாளொன்றுக்கு இத்தனை கி.மீ. என்று வரம்பு வைத்துத்தான் வாடகை சொல்வார்கள். வரம்பு 300 என்றால் இரண்டு நாளுக்கு 600. மேலே ஓடும் 300 கி.மீ.க்கும் கிலோமீட்டர் ரேட் தனி. வாடகையைக் கேட்டுவிட்டு, அதைக் கேட்காமல் சாவியை வாங்கினால், திரும்பி வந்ததும் “அண்ணே, எக்ஸ்ட்ரா கிலோமீட்டர் மட்டும் பார்த்துக் குடுத்துடுங்க” என்று சிரித்துக்கொண்டே நீட்டும் சீட்டு, முதலில் சொன்ன வாடகையில் பாதிக்கு நிற்கும். மூன்று நாள் பேக்கேஜாக எடுத்தால் சில சமயம் அதைவிடக் குறைவாகவே முடிந்துவிடும். இரண்டையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால் 56 லிட்டர். இது ஏ.சி. போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, 90-க்கு மேல் போகாமல் ஓட்டினால். டீசல் கிடைத்தால் இந்தத் தூரத்துக்கு அதுதான் லாபம்.

ஃபாஸ்டாக் யாருடையது, அதில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். நாமக்கல்லை ஒட்டி ராசம்பாளையத்தில் தொடங்கி மதுரை தாண்டித் திருப்பாச்சேத்தி வரை வரிசையாகச் சுங்கச்சாவடி. டேகில் காசில்லை என்றால் கட்டணம் கூடும். விடிகாலை நாலரை மணிக்கு ராசம்பாளையத்தில் நின்றுகொண்டு வண்டிக்காரரைப் போனில் எழுப்புவது நடக்கிற காரியம் இல்லை.

ஒப்பந்தத் தாளில் பெரும்பாலோர் படிக்காத வரி ஒன்று இருக்கும்: கடற்கரை மணலில் இறக்கக்கூடாது, தண்ணீரில் ஓட்டினால் இன்ஜின் பொறுப்பு வாடிக்கையாளருடையது. இது சும்மா எழுதி வைத்தது அல்ல. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றை அமுக்குவது போலத் தண்ணீரை அமுக்கப் பிஸ்டனால் முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜின் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் போடாத சாதாரணப் பாலிசி இதற்குப் பணம் தராது.

பிறகு வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ. பம்பர், கதவு என்று எல்லாரும் எடுப்பார்கள். இந்தப் பயணத்துக்கு நான்கு இடம் கூடுதல். வீல் ஆர்ச்சின் உள்பக்கம், சைலன்சர் பைப், டிஸ்க் பிரேக், முன்பக்க அண்டர் கவர். துரு ஏற்கெனவே இருந்தால் அது படத்தில் இருக்கட்டும். உப்புக் காற்றில் போய் வந்த வண்டி என்று தெரிந்ததும் பழைய துருவையும் சேர்த்து உங்கள் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு.

வைப்பர் பிளேடை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு பிசிறடித்திருந்தால் மாற்றிக் கேளுங்கள். சேலத்து வெயிலில் ஏழெட்டு மாதம் வைப்பரைத் தொடாமலே ஓட்டலாம், அதனால் இதை யாரும் கவனிப்பதில்லை. அரிச்சல்முனையில் மழையே இல்லாமல் வைப்பர் வேண்டும். ஏன் என்று கீழே வருகிறது. ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றும் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூடவே சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்ன ஏர் பம்ப் ஒன்றும், பிரஷர் கேஜ் ஒன்றும் கைவசம் இருந்தால் கவலை பாதி தீர்ந்தது.

வழி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொண்டலாம்பட்டி பைபாஸில் ஏறினால் நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வரை நான்கு வழி. மதுரை ரிங் ரோட்டைப் பிடித்துப் பரமக்குடி வரையிலும் அதேதான். பரமக்குடிக்கு அப்பால் ராமநாதபுரம் வரை சாலை குறுகும். முந்துவதில் நிதானம் வேண்டும். நாமக்கல், முசிறி, திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி வழி கிட்டத்தட்ட 30 கி.மீ. குறைவு. முசிறிப் பக்கம் காவிரி ஓரமாகப் போவதும் அழகு. ஆனால் ஊருக்கு ஊர் வேகத்தடை, நேரத்தில் மிச்சம் எதுவும் இல்லை. போகும்போது மதுரை, திரும்பும்போது மனசுக்குப் பட்டால் திருச்சி.

விடிகாலை 4 மணிக்குச் சேலத்தை விட்டால் காலை டிபன் மதுரையில், பாம்பன் பாலம் பதினொன்றை ஒட்டி. ஒரே நாளில் போய்த் திரும்புகிறோம் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 16 மணி நேரம் ஸ்டியரிங் பிடித்துவிட்டுக் கடலை 40 நிமிடம் பார்ப்பதற்கு மூக்கனேரிக் கரையிலேயே உட்கார்ந்துவிடலாம்.

பாம்பன் பாலம்

1988-ல் திறந்த அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம், நீளம் சுமார் 2.3 கி.மீ. பக்கத்தில் கீழே ரயில் பாலம்: 1914-ல் திறந்த பழையது ஓய்வு பெற்றுவிட்டது, 2025 ஏப்ரலில் திறந்தது புதியது. பழையதில் கப்பல் வந்தபோது நடுப்பகுதி இரண்டு கையைப் போல விரிந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். இந்தப் பயணத்தில் அரிச்சல்முனைக்கு அடுத்தபடி கண் விரியும் இடம் இதுதான், சந்தேகமே இல்லை.

ஆனால் பாலத்தின் மேல் காரை நிறுத்தி இறங்காதீர்கள். பக்கத்துக்கு ஒரே ஒரு லேன்தான். நீங்கள் நிறுத்தினால் பின்னால் வரும் டூரிஸ்ட் பஸ் எதிர் லேனுக்குப் போக வேண்டும். அந்தப் பஸ் டிரைவரும் புதிய பாலத்தைப் பார்த்துக்கொண்டுதான் வருவார். இறங்குகிறவர் கதவைத் திறக்கும்போது காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும். கீல் வளைந்த கார்கள் எல்லாம் இப்படி வளைந்தவைதான். கரையில் ஓரமாக நிறுத்திவிட்டு, பாலத்தின் நடைபாதையில் நடந்து வாருங்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தால் படகுகள் உள்ளங்கை அளவில் கீழே போகும். காரிலிருந்து இது தெரியவே தெரியாது.

பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் கிடைக்காது. சாலைப் பாலத்தில் அப்படி ஒரு தடுப்பு இல்லை, ஸ்டியரிங் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். உயரமான எஸ்யூவி, கூரையில் லக்கேஜ் கட்டிய வண்டி எல்லாம் பக்கவாட்டில் நகர்வது நன்றாகத் தெரியும். எதிரே பஸ் கடக்கும் அந்த ஒரு நொடி காற்று நின்று, உடனே மறுபடி அடிக்கும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, 50-ல் போனால் போதும். திருத்துகிறேன் என்று வெட்டி இழுக்க வேண்டாம்.

எந்த நேரத்தில் போவது

தனுஷ்கோடிச் சாலை ராமேஸ்வரத்திலிருந்து தென்கிழக்காகப் போகிறது. இந்த ஒரு விஷயத்தை வைத்தே நேரத்தை முடிவு செய்யலாம். காலையில் போகும்போது வெயில் நேராகக் கண்ணில், திரும்பும்போது முதுகில். மாலையில் போகும்போது முதுகில், திரும்பும்போது கண்ணில். மாலைச் சூரியன் எதிரே இருக்க, சாலையோரம் மனிதர்கள், உப்புப் படிந்த கண்ணாடி, எல்லாம் ஒன்றாகச் சேரும் அந்தத் திரும்பும் ஓட்டம்தான் மோசமானது. ஆகவே எங்கள் ஓட்டு காலைக்கு. சூரியன் கொஞ்சம் மேலேறிய பின், ஏழரைக்கு ஊரை விட்டு, முனையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, பத்துக்குள் திரும்பிவிடலாம். டூரிஸ்ட் வேன்கள் கோயில் தரிசனம் முடித்துக்கொண்டு வர ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.

முனையிலேயே சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். சோதனைச் சாவடியில் வண்டி விடுவது காலை 6 மணி வாக்கில். அந்த இரண்டு மாதங்களில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எழும், பிடித்துவிடலாம். மே, ஜூனில் ஆறுக்கு முன்பே எழுந்துவிடும், என்ன ஓட்டினாலும் கிடைக்காது. மாலையில் 5 மணியை ஒட்டி உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். புயல் எச்சரிக்கையோ கடல் சீற்றமோ இருந்தால் நாள் முழுக்கவே தடை. போலீஸ்காரரிடம் சேலத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவர் சென்னையிலிருந்து வந்தவர்களையே திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை மூன்றையும் காலண்டரில் அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். சாலை முனையில் போய் முட்டி முடிகிறது. வேறு வழி கிடையாது. உள்ளே போன அத்தனை வண்டியும் அதே சாலையில்தான் திரும்ப வேண்டும்.

அந்த 20 கிலோமீட்டர்

பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், அப்பால் பங்க் இல்லை. கழிப்பறையையும் முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. ஆளுக்கு ஒரு லிட்டர் குடிநீர், அது போகக் கண்ணாடி கழுவ இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் தனியாக.

ஊரைத் தாண்டியதும் இரு பக்கமும் சவுக்கும் பனையும். சாலை கயிறு பிடித்த மாதிரி நேர். கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் இடத்தை ஒட்டித் தண்ணீர் தேங்கிய பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும்; 2025-ல் இந்தப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அரசு அறிவித்தது. பிறகு மரங்கள் குறைந்து, முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல் வந்துவிடும். இங்கிருந்து முனை வரையிலான ஒன்பதரை கி.மீ. 2017-ல் திறந்தது. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் குதித்துப் போகும் வேன்கள்தான், சொந்தக் காருக்கு இடமே இல்லை.

இடப்பக்கம் உள்ள கடலை ஊர்க்காரர்கள் பெண் கடல் என்கிறார்கள், வலப்பக்கத்தை ஆண் கடல். முதலாவது குளம் மாதிரி கிடக்கும். இரண்டாவது எந்நேரமும் கரையை அறைந்துகொண்டிருக்கும். இடையே தார்ச்சாலை, அதற்கு இரு பக்கமும் கருங்கல் அடுக்கு. உலகத்தில் இப்படி ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது என்பதற்குத்தான் அந்த நாலரை மார்க். மீதி அரை மார்க்கை மணல் பிடித்துக்கொண்டது.

மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகச் சாலையைக் குறுக்கே அடிக்கிறது. அது கொண்டுவரும் மணல், கல் அடுக்கில் இடைவெளி இருக்கும் இடங்களில் நாக்கு நீட்டியது போலச் சாலையில் படியும். ஒரு முனையில் விரற்கடை கனம், மறு முனையில் பவுடர் மாதிரி ஒரு பூச்சு. தூரத்திலிருந்து பார்த்தால் வெயிலில் வெளுத்த தார் போலத்தான் தெரியும். கிட்டே வந்த பிறகுதான், அதன் மேல் போன டயர்த் தடங்கள் இரண்டு கோடாகத் தெரியும். அந்தத் தடங்களைக் கண்டதும் பிரேக் மிதிக்கத் தோன்றும். மிதிக்கக்கூடாது. தார் மேல் தனித்தனியாகக் கிடக்கும் மணல் கேழ்வரகைக் கொட்டியது போல உருளும். டயருக்குப் பிடி கிடைக்காது, ஏபிஎஸ் கடகடவென்று அடிக்கும், வண்டி நிற்காது. முன்கூட்டியே ஆக்சிலேட்டரை விட்டு, 30-க்கு இறங்கி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் தொடாமல் உருட்டிக் கடந்துவிடுங்கள். முன்னால் போனவரின் டயர்த் தடத்திலேயே போவது நல்லது, அங்கே மணல் அமுங்கியிருக்கும். மலையில் பிடி குறையும் இடத்தில் இரண்டாவது கியருக்கு இறக்கி இன்ஜின் பிரேக்கை நம்புவோமே, அந்தப் பழக்கத்தை இங்கே காட்டினால் சட்டென்று கியர் இறங்கும் இழுப்பிலேயே முன் சக்கரம் வழுக்கும். டூ வீலரில் வருகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். முன் பிரேக்கைப் பிடித்தவர்கள் பிளாஸ்திரியோடுதான் ராமநாதசுவாமியைத் தரிசிக்கிறார்கள்.

அடுத்தது நிறுத்துவது. சாலையில் ஓரம் என்று ஒன்று கிடையாது. தார் முடிந்த இடத்தில் மணல் தொடங்குகிறது. பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். மேலே ஒரு பொருக்கு காய்ந்திருப்பதால் வரும் ஏமாற்று. நாலு பேர் உட்கார்ந்த காரின் முன் சக்கரம் ஏறியதும் பொருக்கு உடைந்து உள்ளே போய்விடும். நான்கு சக்கரமும் தாரில் இருக்கும்படி நிறுத்த இடம் கிடைத்தால் மட்டும் நிறுத்துங்கள். இல்லையென்றால் தனுஷ்கோடிக் கடைத்தெருவிலோ முனையிலோ நிறுத்திக்கொள்ளலாம்.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது இது. முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் டிராக்டர்தான். எல்லாரையும் இறக்குங்கள். பெரும்பாலும் முன் சக்கரம்தான் சிக்கியிருக்கும், பின் சக்கரம் தாரில் இருக்கும். ஆகவே முன்னே போக முயலாமல் வந்த வழியே ரிவர்ஸ். ஓட்டும் சக்கரங்களின் காற்றை 33-லிருந்து 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள்; டயர் தட்டையாகி மணலில் கால் பரப்பி நிற்கும். சக்கரத்தின் பின்னால் மணலைக் கையால் சரிவாக வழித்துவிட்டு, ஃப்ளோர் மேட்டைத் தலைகீழாகப் போட்டு அதன் விளிம்பு டயருக்கடியில் போகும்படி தள்ளுங்கள். ஸ்டியரிங் நேராக. கிளட்சைப் பாதி பிடித்து உறுமவிடாமல், அப்படியே மெதுவாக விட்டால் நகரும். இரண்டு பேர் பானெட்டில் கை வைத்துத் தள்ளலாம். சக்கரத்துக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது, மேட் பறந்து வரும். தாரில் ஏறியதும் முதல் வேலை காற்றை மறுபடி 33-க்கு ஏற்றுவது. 20 பிஎஸ்ஐயில் 60-க்கு மேல் ஓட்டினால் பக்கச் சுவர் சூடாகி, திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். அந்தச் சின்ன ஏர் பம்பை எடுத்துவரச் சொன்னது இதற்குத்தான்.

கண்ணாடிக்கு வருவோம். முனையை நெருங்கும்போது வலப்பக்கக் கடலின் சாரல் கண்ணுக்குத் தெரியாத புகையாக வந்து படியும். வைப்பரைப் போட்டால் பால் ஆடை போல இழுபடும், எதிர் வெயிலில் ஒன்றுமே தெரியாது. முதலில் பாட்டில் தண்ணீரை மேலிருந்து ஊற்றி உப்பையும் மணலையும் கழுவிவிட்டுப் பிறகுதான் வைப்பர். உலர்ந்த மணல் மேல் வைப்பரை ஓட்டினால் கண்ணாடியில் வில் வில்லாகக் கீறல் விழும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கீறலை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள்.

அங்கே

சாலை அசோகத் தூணைச் சுற்றி முடிகிறது. இங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ. சேலத்துக்கு நாமக்கல் இருப்பதை விடக் கிட்டே. இரண்டு கடலும் முட்டும் இடத்தில் நீரோட்டம் வலுவானது. குளிக்கத் தடை இருக்கிறது, தடை இல்லாவிட்டாலும் இறங்கக்கூடாத தண்ணீர். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் பழைய தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோயிற்று. மக்கள் வாழத் தகுதியற்ற ஊர் என்று அதன் பிறகு அரசு அறிவித்துவிட்டது. தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. பவளக்கல்லில் கட்டிய சுவர். கையால் தொட்டால் பொடி உதிரும். அதன் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் இறங்கச் சொல்லுங்கள்.

கீற்றுக் கொட்டகைகளில் மீன் வறுவல். “வாங்க தம்பி, விளமீன் இருக்கு, பாறை இருக்கு, காலைல வந்தது” என்பார்கள். காலையில் வந்ததுதான், பொய் இல்லை. ஆனால் மீனைக் காட்டச் சொல்லி, முழு மீன் என்ன விலை என்று பேசி முடித்துவிட்டு எண்ணெயில் போடச் சொல்லுங்கள். பொரித்த பிறகு விலை கேட்பது நம்முடைய தப்பு. மசாலா காரம் அதிகம், எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வது. காலை எட்டு மணி எண்ணெயும் மாலை நாலு மணி எண்ணெயும் ஒன்றல்ல. நான்கு நட்சத்திரம் காலைக்கு மட்டும். சேலத்திலிருந்து தட்டுவடை செட் கட்டிக்கொண்டு போகும் யோசனை இருந்தால், தட்டு தனி, சட்னி தனி, அதுவும் இறுக்கி மூடிய டப்பாவில். கடல் காற்றில் திறந்து வைத்த தட்டு அரை மணியில் நமத்து அப்பளம் ஊறியது போல ஆகிவிடும்.

சங்கு, சிப்பி மாலை வாங்கலாம். பவளப்பாறைத் துண்டைக் கரையில் கண்டாலும் எடுக்க வேண்டாம். வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, டிக்கியில் இருந்தால் வழக்கு.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ஒரு மாற்று: பாம்பனிலிருந்து தெற்கே பிரியும் குந்துகால் சாலை. சில கி.மீ.தான். 1897 ஜனவரியில் விவேகானந்தர் கரையிறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. மீன்பிடிப் படகுகள், வலை உலர்த்தும் ஆட்கள், ஆண் கடல். தனுஷ்கோடியின் பிரம்மாண்டம் இல்லை, ஆனால் மாலை வெயிலில் நிம்மதியாக நிறுத்திப் பார்க்க இதுவே மேல்.

திரும்பிய பிறகு

கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் கழுவாத வண்டியின் அடிப்பகுதி வெயிலிலும் முழுசாகக் காயாது, துரு உள்ளேயே நடந்துகொண்டிருக்கும். ஒரு நாளுக்குள் அண்டர் வாஷ் செய்துவிட வேண்டும். ராமேஸ்வரத்திலேயே செய்துவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். தீவிலும் ராமநாதபுரம் பக்கத்திலும் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. உப்பை உப்பால் கழுவியது போல ஆகும். வாட்டர் சர்வீஸ் ஹோஸிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் மதுரை தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி, வீல் ஆர்ச்சின் உள் உதடு, சஸ்பென்ஷன் ஆர்ம், சைலன்சர் தாங்கிகள், கதவுகளின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகள் ஆகிய இடங்களில் பிரஷர் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். துளையில் மணல் அடைத்தால் அடுத்த மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும். முன்னால் இருக்கும் ஏ.சி. கன்டென்சருக்கு மட்டும் பிரஷர் வேண்டாம், சாதாரணக் குழாய்த் தண்ணீர். இல்லையென்றால் தகடுகள் மடங்கிவிடும். மறுநாள் காலை டிஸ்க்கில் செம்மண் நிறத்தில் ஒரு பூச்சு தெரிந்தால் பயப்படாதீர்கள், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். பிடித்த பிறகும் கரகரவென்று சத்தம் வந்தால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மணல். சக்கரத்தைக் கழற்றி ஊதி எடுக்க வேண்டும். பைக்கில் போனவர்கள் செயினை மண்ணெண்ணெயில் கழுவிப் புதிதாகச் செயின் லூப்ரிகன்ட் அடியுங்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்த கலவை உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்க்கும்.

உள்ளே மேட்டுக்கு அடியில், சீட் தண்டவாளத்தில், ஜன்னல் ரப்பரில் மணல் இருக்கும். கண்ணாடியை இறக்கும் முன் அந்த ரப்பரைப் பிரஷ்ஷால் துடையுங்கள், இல்லாவிட்டால் ஒரே இறக்கத்தில் கண்ணாடி முழுக்க நேர்க்கோடுகள். வாட்டர் சர்வீஸ் ரசீதை எறிந்துவிடாமல், கிளம்பிய அன்று எடுத்த வீடியோவோடு சேர்த்து வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுங்கள். டெபாசிட் பணம் போனில் ஏறிய பிறகு சாவியைக் கையில் வையுங்கள்.